நாலாவது கையெழுத்து

ஜோதிலிங்கத்துக்கு டெல்லி ஆர்.கே.புரத்தில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ், மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் இருபத்தேழு வருஷ சர்வீஸ், வருகைப் பதிவேட்டின் மேல் தீராத காதல். விருதுநகர் பக்கத்து மனுஷர். மகள் கல்யாணத்திலேயே யார் யார் சாப்பிடாமல் நழுவினார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். "பேசாம ஒரு ரிஜிஸ்டருக்கே தாலி கட்டியிருக்கலாம்" என்பாள் மனைவி இந்திராணி.

2003ஆம் வருஷம். டெல்லியைச் சுற்றியிருந்த கிராமங்களில் ஸ்மாக் என்ற போதைப்பொடி பரவி, வாலிபர்கள் மூச்சடங்கிச் செத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் வருவதற்குள் உயிர் போய்விடுகிறது. ஆகவே கிராமத்துக்கு ஒருவரைப் பிடித்து, வாயில் மூச்சு ஊதவும், போதையை முறிக்கிற நாலக்ஸோன் ஊசி போடவும் பழக்குவது என்று தீர்மானமாயிற்று. பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கியவரின் ஊருக்கு ஒரு மருந்துப் பெட்டி. சான்றிதழ் இல்லையென்றால் பெட்டியும் கிடையாது.

ஏற்பாடெல்லாம் ஜோதிலிங்கத்தின் தலையில் விழுந்தது. முதல் முகாமில் சமோசா தின்ற கையோடு பாதிப்பேர் கம்பி நீட்டிவிட்டார்கள். மனுஷருக்கு வந்ததே கோபம். உட்கார்ந்து ஒரு விதி எழுதினார். காலையில் ஒரு கையெழுத்து, டீக்குப் பிறகு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, நிறைவுரை முடிந்ததும் ஒன்று. நாலில் ஒன்று குறைந்தாலும் சான்றிதழ் கிடையாது. மேலிடம் மெச்சி ஒப்புதல் கொடுத்தது. அந்த உத்தரவின் நகலை ரொம்ப நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார்.

இரண்டாவது முகாம் ஹரியானா எல்லையோரம் ஒரு பள்ளிக்கூடத்தில். இருபது பேர் வந்திருந்தார்கள். டாக்டர் தலையணைக்கு ஊசி போட்டுக் காட்டிவிட்டு, வேறொரு விழா இருக்கிறதென்று மத்தியானமே கிளம்பிவிட்டார். பிறகு துணைச் செயலாளர் நிறைவுரையை ஆரம்பித்தார். அவருக்கு அது ஒரு மணி நேர வேலை.

அப்போது ஒரு பெரியவர் மூச்சிரைக்க ஓடிவந்தார். பம்ப்செட் அறைக்குப் பின்னால் ஒருவன் விழுந்து கிடக்கிறான், உதடெல்லாம் நீலம், மூச்சில்லை என்றார். கூடமே எழுந்தது. ஜோதிலிங்கம் ரிஜிஸ்டரை மார்போடு அணைத்துக்கொண்டு போய் வாசலை மறித்தார்.

"ஏக் மினிட்," என்றார். "நாலாவது கையெழுத்துப் போடாம யாரும் வெளியே போகக் கூடாது. போனா சர்ட்டிஃபிகேட் இல்ல."

பத்தொன்பது பேர் உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களைச் சொல்லி என்ன, அவரவர் ஊருக்குப் பெட்டி வேண்டாமா. பிம்லா என்ற அங்கன்வாடிக்காரி மட்டும் மேஜையிலிருந்த மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் எடுத்துக்கொண்டு, அவர் கையைத் தட்டிவிட்டு ஓடினாள். துணைச் செயலாளர் பேச்சில் அப்போதுதான் கிராம முன்னேற்றத்துக்கு வந்திருந்தார். அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார்.

கூட்டம் கலைகிற நேரத்தில் பிம்லா முழங்காலெல்லாம் சேறோடு திரும்பி வந்தாள்.

"மூச்சு வந்துடுச்சு பாபுஜி. டிராக்டர்ல ஏத்தி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டோம்," என்று சொல்லிப் பேனாவைக் கேட்டாள்.

ஜோதிலிங்கம் ரிஜிஸ்டரைத் திறந்து காட்டினார். அவள் பெயரின் மேல் சிவப்புக் கோடு. விதிப்படி அவரே போட்டது. அவள் கோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், போய்விட்டாள்.

பஸ்ஸில் வரும்போதுதான் மனுஷருக்குச் சுருக்கென்றது. ஒரு உயிர் போகிற நேரத்தில் வாசலை மறித்துக்கொண்டு நின்றோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் செக்ஷன் ஆபீசர் ராமமூர்த்தியிடம் போனார்.

"சார், அந்தப் பொம்பளைக்கு மட்டும் விலக்குக் குடுக்கணும். இல்லாட்டி அவ ஊருக்குப் பெட்டி போகாது."

"விதியை எழுதினது யாரு, நீர்தானே?"

"நான்தான் சார்."

"ஏன் வெளில போனாள்னு ஃபைல்ல எழுதியாகணும். ஊசி போடப் போனாள்னு எழுதினா, சர்ட்டிஃபிகேட் இல்லாதவ எப்படி ஊசி போட்டாள்னு மேலிடத்துல கேப்பா. அவமேலயே விசாரணை வரும். அவ நன்னா இருக்கணும்னா, பாதியில எழுந்து போயிட்டாள்னே இருக்கட்டும்."

அப்படியே அறிக்கை போயிற்று. உயிர் காக்கப் பயிற்சி பெற்றுத் தேறியவர்கள் பத்தொன்பது பேர். அக்கறையின்மையால் பாதியில் விலகியவர் ஒருவர். டைப் அடித்தது ஜோதிலிங்கம்தான்.

வந்திருந்த இருபது பெட்டிகளில் பத்தொன்பது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. பதிவேட்டில் இருபதாவது பெட்டிக்கு நேரே, தன் சர்வீஸிலேயே முதல் தடவையாக, யாரும் சொல்லாமல் தானாகவே ஒரு பொய் எழுதினார்: வழியில் விழுந்து உடைந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மூன்று பஸ் மாறி பிம்லாவின் ஊருக்குப் போனார்.

அவள் பெட்டியைத் திறந்து குப்பிகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். சான்றிதழ்தான் வாங்கித்தர முடியவில்லை என்று ஜோதிலிங்கம் இழுத்தார்.

"அது கெடக்கட்டும் பாபுஜி. அந்தப் பத்தொன்பது பேர்கிட்ட மட்டும் சொல்லிடுங்க. ஆள் மூச்சில்லாமக் கெடந்தா எழுந்து போகலாம்னு."

அதற்கு ஒரு திருத்த உத்தரவு வேண்டும், அது நாலு மேஜை தாண்டி வர ஆறு மாசமாகும் என்று ஜோதிலிங்கத்துக்கு நன்றாகவே தெரியும். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லி எழுந்தார்.