கெண்டைக்கால் அளந்த உத்தியோகம்

வாய் திறக்கவே கூச்சப்படுகிற பெண்ணுக்குக் கெண்டைக்கால் அளக்கும் வேலை தோது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரியில் சம்பளம் வாங்கி அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

ராஜாவின் சமஸ்தானம் போய்ப் புது கவர்மெண்டு வந்த சமயத்தில், விலங்கியல் பட்டத்தோடு புதுக்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். படுத்தே கிடந்தால் காலின் சிரைகளில் ரத்தம் தேங்கி உறைகிறது, அதனால் பிரசவமோ ஆபரேஷனோ ஆன மறுநாளே நடக்க வைக்க வேண்டும் என்று புதுப் புத்தகங்கள் சொல்லின. லேடி டாக்டர் நம்பினார். பெரிய டாக்டர் நம்பவில்லை. "ஒரு மாசம் பாருங்க. ஒரு கால் வீங்கினாலும் பழையபடி பத்து நாள் படுக்கைதான்" என்றார். தினமும் நாடாவால் இரண்டு கால்களையும் அளந்து, வித்தியாசம் தெரிந்தால் ஓடிப்போய்ச் சொல்வது என் வேலை.

எங்கள் பயமெல்லாம் கீரமங்கலம் செல்லம்மாவின் காலைப் பற்றித்தான். முதல் பிரசவத்தில் அவளுடைய இடது கால் வெளுத்து வீங்கி, உறைந்த ரத்தம் நெஞ்சுவரை போய், பிழைத்ததே பெரிய விஷயம். இப்போது இரண்டாவது பிள்ளைக்கு வந்திருந்தாள்.

அளவு

திருமயம் பக்கத்து ஆச்சி ஒருவர் மூன்று நாள் பேசாமல் காலை நீட்டினார். நான்காம் நாள் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்து நீட்டினார். "காலை மட்டும் அளந்து என்னத்தத் தைக்கப் போறீங்க? இதுல எனக்கு ஒரு ரவிக்கை தச்சுருங்க. கை கொஞ்சம் தளர்வா இருக்கட்டும்."

இஞ்சின்

குடலிறக்க ஆபரேஷன் ஆன கறம்பக்குடி விவசாயி கட்டிலை விட்டு இறங்க மறுத்தார். நான் கெஞ்சியது எனக்கே கேட்கவில்லை. லேடி டாக்டர் வந்து, "கெண்டைக்கால் சதைதான் இஞ்சின். நடந்தா ரத்தத்தை மேல தள்ளும். நிறுத்தினா தேங்கிடும்" என்றார்.

விவசாயி தோட்டத்தில் ஆயில் இஞ்சின் வைத்திருப்பவர். யோசித்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி வராந்தாவில் இரண்டு நடை போய்வந்தார். மதியம் கஞ்சி வந்தது. கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓட்டச் சொல்றீங்க, சரி. எண்ணெய் ஊத்துற எடத்துல கஞ்சித் தண்ணிய ஊத்துனா இஞ்சின் எப்படிங்க ஓடும்?"

பரேடு

செல்லம்மாவுக்குப் பெண் பிறந்த மறுநாள், அவள் மாமியார் கட்டிலுக்குக் குறுக்கே உட்கார்ந்துவிட்டார். நடந்தால் பால் காலுக்கு இறங்கிவிடும், போன தடவை வீங்கியதும் அதனால்தான் என்பது அவர் கட்சி.

"போன தடவை எத்தனை நாள் படுத்திருந்தாங்க?" என்று தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"பதினோரு நாளு. அசையவே விடலயே" என்றார் பெருமையாக.

அதைக் கேட்டதும் செல்லம்மா மறுபக்கமாகக் காலைக் கீழே வைத்துவிட்டாள். முதலில் கட்டில் கம்பியைப் பிடித்து, பிறகு என் தோளைப் பிடித்து நடந்தாள். மாமியார் வார்டுக்கே கேட்கும்படி சொன்னார்: "ராஜா காலத்துல பெத்தவளப் படுக்க விட்டாங்க. கவர்மெண்டு மாறுனதும் மறுநாளே பரேடு."

அரை அங்குலம்

மூன்றாம் நாள் அவளுடைய இடது கால் அரை அங்குலம் அதிகம் காட்டியது. ஓடினேன். பெரிய டாக்டர் காதிலும் விழுந்து அவரும் வந்துவிட்டார். லேடி டாக்டர் நாடாவை வாங்கித் தானே அளந்தார். இரண்டு காலும் ஒரே அளவு. நான் சேலை மடிப்பையும் சேர்த்து அளந்திருக்கிறேன். பெரிய டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. லேடி டாக்டரிடம்தான் கேட்டார்: "சேலை எப்ப டிஸ்சார்ஜ்?"

காப்பு

பத்தாம் நாள் கடைசி அளவு. வீக்கமில்லை, வலியில்லை. செல்லம்மா பிள்ளையைத் தானே தூக்கிக்கொண்டு மாட்டு வண்டிவரை நடந்தாள். நடந்ததால்தான் பிழைத்தாள் என்று எப்படியோ தைரியம் வந்து மாமியாரிடம் சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நடந்ததாலயா? தெனம் விடிஞ்சதும் ரெண்டு காலுலயும் இந்த நாடாவக் கட்டிக் கட்டி அவுத்தியே ஆத்தா, அதுல்ல காத்துச்சு. அடுத்த பேறுகாலத்துக்கு எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அதை மடியில் செருகிக்கொண்டு வண்டி ஏறினார்.

ரத்தம் ஏன் உறைகிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி நாடா ஏன் காணாமல் போனது என்பதை மட்டும் என்னை எழுதித் தரச் சொன்னார்கள்.