வாசற்படி தாண்டிய நாள்

எங்கள் வீடுகளில் குழந்தை முதல் முறை தானாகத் தவழ்ந்து வாசற்படியைத் தாண்டினால் அன்றைக்குக் கொழுக்கட்டை பண்ண வேண்டும். அக்கம்பக்கத்தில் நாலு வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டும். என் மகளுக்கு மூன்று வயது முடிந்தும் நான் கொழுக்கட்டை பண்ணவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை. கேட்காமல் இருப்பதற்கு அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

எட்டாம் மாதமே பிறந்தவள். பேச்சில் அவளை மடக்க முடியாது; அதில் என்னை உரித்து வைத்திருக்கிறாள். கால்கள் மட்டும் விறைத்துக்கொண்டு, கத்தரிக்கோல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். வயிற்றைத் தேய்த்துக்கொண்டே கூடம் முழுக்கச் சுற்றுவாள். வாசலுக்கு வந்ததும், நாலு விரற்கடை உயரமுள்ள அந்தப் படிக்கு முன்னால் நின்றுவிடுவாள்.

வாரம் இரண்டு நாள், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி அவளைக் காட்டூருக்குத் தூக்கிக்கொண்டு போவேன். அங்கே ஒரு சின்ன பிசியோதெரபி சென்டர். தெரபிஸ்ட் பெண் என்னைவிடப் பத்து வயது சின்னவள், குரலை உயர்த்தவே தெரியாதவள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் குழந்தையின் தொடையில் சுற்றி வைப்பாள். பிறகு முழங்காலுக்குப் பின்னால் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கதை பேசிக்கொண்டிருப்பாள். கால் தானாகத் தளரும். தளர்ந்த அளவுக்கு மட்டும் நீட்டுவாள். இதற்கா இரண்டு பஸ் ஏறி வந்தோம் என்று எனக்கு இருக்கும்.

“இன்னும் கொஞ்சம் அழுத்தினா என்ன?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

“வேணாங்க அக்கா. அழுதா அங்கேயே நிறுத்திடணும். பயந்துட்டான்னா கால் இன்னும் இறுகிக்கும். வீட்லயும் அப்படியே பண்ணுங்க.”

தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

போன மழைக்காலத்தில் தில்லை நகரிலிருந்து என் நாத்தனார் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள். அவள் பிள்ளைக்குப் பத்து மாதம், படி தாண்டிவிட்டான். என் கணவர் அந்த டிபன் பாக்ஸை ஆபீஸ் பைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தார். அவர் ஒளித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. “நன்னா இருக்கட்டும்” என்று வாய் சொன்னது. வயிறு எரிந்தது. பத்து மாதக் குழந்தைமேல் பொறாமைப்பட்டேன், வேறு என்ன சொல்ல.

மறுநாள் அவர் ஆபீசுக்குக் கிளம்பியதும் அரிசியை ஊறப் போட்டேன். மத்தியானத்துக்குள் மாவு கிளறி, தேங்காயும் வெல்லமும் சேர்த்துப் பூரணம் பண்ணி, கொழுக்கட்டையெல்லாம் பிடித்து இட்லிப் பாத்திரத்தில் ஏற்றிவிட்டேன். குழந்தை தாண்டிய பிறகுதான் கொழுக்கட்டை, அதைத் தலைகீழாக்கினேன். பண்டம் தயாராகிவிட்டால் அவள் தாண்டித்தானே ஆக வேண்டும் என்று என் புத்திக்குப் பட்டது.

அவளைப் படியருகே கிடத்தி, பொம்மையை வெளியே வைத்தேன். கையை நீட்டினாள். “எட்டலைம்மா” என்று சிரித்தாள். நான் அவள் முழங்காலை மடக்கிப் பின்னாலிருந்து தள்ளினேன். கால் இறுகிக்கொண்டது. மறுபடியும் மடக்கினேன். “வலிக்கறதும்மா” என்று அழ ஆரம்பித்தாள். நிறுத்தியிருக்க வேண்டும். அந்தப் பெண் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. “இன்னும் ஒரே ஒரு தடவை கண்ணு” என்று சொல்லிக்கொண்டே என் பலத்தையெல்லாம் கொடுத்து அந்தக் காலை மடக்கினேன். அவள் போட்ட கூச்சலை என்னால் எழுத முடியாது.

அதற்குள் உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடை வந்தது. அவளை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். திரும்பி வந்தபோது அவள் மார்பு படியின்மேல் இருந்தது. முழங்கையை ஊன்றி, இடுப்பைத் தூக்கி, ஒரு காலை இழுத்தாள். பிறகு இன்னொரு காலையும் இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அதே நேரத்துக்குத்தான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த என் கணவர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார்.

“தாண்டிட்டாடி! தானாவே தாண்டிட்டா!”

ஹெல்மெட்டைக் கழற்றாமலே அவளை வாரி எடுத்து அழுதார். அங்கே நின்றே தங்கைக்கு போன் போட்டார். நான் உள்ளேயே நின்றேன். அவர் பார்க்காததை நான் பார்த்திருந்தேன். அவள் பொம்மையைப் பார்க்கவில்லை. அப்பா வந்ததையும் பார்க்கவில்லை. நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். என் மகள் முதல் முறையாக வாசற்படியைத் தாண்டியது என்னிடமிருந்து தப்பிக்கத்தான்.

தீயாமல் தப்பியவற்றை நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். “பெருமாள் கண்ணைத் திறந்துட்டார்” என்று பக்கத்து வீட்டு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சிரித்து வைத்தேன்.

காட்டூரில் அந்த வாரம் தெரபிஸ்ட் என்னைக் கை வைத்துக் காட்டச் சொன்னாள். முழங்காலுக்குப் பின்னால் என் கை பட்டதும் கால் கட்டையானது. அவள் கை வைத்தாள், மெல்லத் தளர்ந்தது. மறுபடி நான் வைத்தேன். மறுபடியும் கட்டைதான்.

“என்ன ஆச்சுங்க அக்கா?”

எல்லாவற்றையும் சொன்னேன். யார் மேலும் பழி போடாமல் நான் பேசியது அன்றைக்குத்தான். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

“கொஞ்ச நாளைக்கு சார் பண்ணட்டுங்க. நீங்க காலைத் தொட வேணாம். அவளே உங்களைக் கூப்பிடுவா” என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் அவர்தான் துண்டு சுற்றி, கதை சொல்லி, காலை நீட்டுகிறார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலைந்து அடி வைக்கிறாள். நான் சமையலறையிலிருந்து பார்ப்பேன். சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனாலும் தாளிக்கும் சாக்கில் அழுதுவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்க அவளே வந்து என் மடியில் சாய்ந்தாள். தலை, கழுத்து, முதுகு என்று தேய்க்கத் தேய்க்கச் சிரித்தாள். எனக்கும் ஆசை வந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே கை போனபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கோபமே இல்லை, எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித் தருகிற மாதிரி சொன்னாள்.

“அங்க அப்பாதாம்மா.”

எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.