களை அகற்றும் செலவு

இராஜாக்கமங்கலம் பக்கத்துக் குளம் ஒன்றில் தாமரை பறிக்க எட்டு வருடமாக நான்தான் குத்தகை எடுத்திருக்கிறேன். அதில் சோலார் தகடுகளை மிதக்கவிடப் போகிறார்களாம். செலவுக் கணக்குப் போட ஒரு இன்ஜினியர் வந்தார். நடுக்குளத்தில் ஆழம் பார்க்க வேண்டும், ஆனால் நீச்சல் தெரியாது என்றார். பூப்பறிக்க நான் கொண்டுபோகும் லாரி டியூப்பில் அவரை உட்காரவைத்து, நீந்தியபடியே நானே தள்ளிக்கொண்டு போனேன். அந்த மனிதர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அளந்து முடித்ததும், போனைப் பார்த்துச் செலவுகளை வாசித்தார். மிதவை, நங்கூரம், தண்ணீருக்குள் போடும் கேபிள்.

"குளத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டேன்.

"அது சும்மாதானே கிடக்கு" என்றவர், கடைசி வரியை வாசித்தார். "களை அகற்றும் செலவு."

"எந்தக் களையச் சொல்லுதீரு?"

என் மூக்குக்கு நேரே நின்ற மொட்டைக் காட்டினார். மறுநாள் விடியும்முன் தோவாளைப் பூச்சந்தைக்குப் போகவேண்டிய மொட்டு அது.

"இதெல்லாம்தான். நீங்களே பிடுங்கிக் கொடுத்தா என்ன கூலி கேப்பீங்க?"

நான் டியூப்பிலிருந்து கையை எடுத்தேன். நீந்திக் கரையேறி, நிதானமாகத் தலையைத் துவட்டினேன். நடுக்குளத்தில் டியூப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அவர் கத்தினார். "நான் எப்படிங்க கரைக்கு வர்றது?"

"களை எடுக்கதுக்குக் கூலி போட்டிருக்கீருல்லா? அதுல ஒரு ஆளப் பிடிச்சு வாரும்" என்றேன்.