கதிருக்காக விட்ட தூர்

டீ இடைவேளையில்தான் அது உறைத்தது. ஒரகடத்தில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் புல்தரை, தினமும் தண்ணீர் விட்டும் சித்திரை வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தது. மதில் ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாத புல்லோ, கொத்துக் கொத்தாக, அடியில் பச்சையோடு நின்றது. கிட்டே போனேன். புல்தரைக்காக லாரியில் கொட்டிய செம்மண் மதிலுக்கு இரண்டடி முன்னாலேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பழைய மேய்ச்சல் நிலத்தின் சரளை. புல் அந்த இரண்டடிக்குள் மட்டும்.

தாவரவியல் படித்துவிட்டு லைனில் போல்ட் முறுக்குகிறவனுக்கு இது போதாதா? ஒரு தூரைப் பிரித்தேன். போன வருஷத்து அடிக்கட்டையிலிருந்தே புதுத் தளிர். கொழுக்கட்டைப்புல்லாக இருக்கலாம். ஆனால் அதிலேயே இரண்டு வகை. கதிரைப் பார்த்தால்தான் எது என்று சொல்ல முடியும். கதிர்தான் வராது. காண்டிராக்டில் தோட்டவேலை செய்யும் அக்கா திங்கட்கிழமைதோறும் ஒட்ட அறுத்துவிடுவார்.

"இதுக்கு என்ன பேருக்கா?"

"புல்லுக்கு இன்னா பேரு? புல்லுதான். உனுக்கு லைன்ல வேலையே இல்லியா தம்பி?"

"ஒரு தூரை மட்டும் விட்டுருங்கக்கா. கதிர் வரணும்."

"மேஸ்திரி பாத்தா என்னாண்டதான் கேப்பாரு."

"நான் அவர்ட்ட பேசிக்கிடுதேன்."

பேசவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. நாளைக்கு, நாளைக்கு என்று விட்டேன். அக்கா அந்த ஒரு தூரை விட்டுவிட்டு மற்றதை அறுத்தார்.

ஒரு கோடை மழைக்குப் பிறகு, மூன்றாம் வாரம் கதிர் வந்தது. நரிவால் மாதிரி, லேசாக ஊதா படிந்து. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விதையைச் சுற்றி நீளமான, வளைகிற மயிர். மற்ற வகையில் அது குட்டை முள்ளாக விறைத்து நிற்கும். சந்தேகமே இல்லை. சாப்பாட்டை விட்டுவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

வளாகத்தைச் சுற்றிப் பார்க்க வந்த மேலாளரும் அதே தூரைப் போட்டோ எடுத்திருக்கிறார். மேஸ்திரிக்கு அனுப்பியும் இருக்கிறார்.

அடுத்த திங்கள் அறுக்க வந்தது வேறொருவர். மேஸ்திரியிடம் கேட்டேன்.

"அந்தம்மாவ நிறுத்தியாச்சு. புல்லு அறுக்கவே தெரியல. ஏன், உனுக்குச் சொந்தமா?"

"இல்ல" என்றேன். புதிதாக வந்தவர் அந்தத் தூரை வேரோடு பிடுங்கி வண்டியில் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பயிற்சி முடிய இன்னும் ஒரு மாதம். மனதில் ஓடியது அதுதான்.

நாளை ஷிப்ட் தொடங்குமுன், விடச் சொன்னது நான்தான் என்று மேலாளரிடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். என்னையும் நிறுத்தலாம். அக்காவைத் திரும்ப எடுப்பார்களா, தெரியாது. வாலாஜாபாத் பக்கம் ஏதோ ஊர் என்றார்கள். கூட வேலை செய்த பெண்களிடம் சரியாகக் கேட்டுக்கொண்டு, சாயங்காலமே பஸ் ஏறி அவர் எதிரில் போய் நிற்க வேண்டும்.