அப்பா சொல்லாமல் இருந்த விரதம்

1999ஆம் வருடம் மாசி மாதம் என் கால்கள் வீங்கின. பெங்களூர் பொம்மசந்திராவில் ஒரு துணி கம்பெனியில் எனக்குத் தையல் மிஷின் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்தால் வீங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பங்குனியில் முகமும் வீங்கியது. சாப்பிட்டது எதுவும் வயிற்றில் நிற்கவில்லை. ஒரு நாள் ஹெப்பகோடி வீட்டு மாடிப்படியில் ஏறும்போது மூச்சு முட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டன என்றார்கள். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு. என் மகள் கவிதாவுக்கு நான்கு.

முருகனை நம்பும் உங்கள் எல்லோரிடமும் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த மாதங்களில் நான் சாமி கும்பிடவில்லை. எனக்குக் கோபம் அதிகம், வாயும் அதிகம். அலமாரியில் இருந்த முருகன் படத்தைப் பார்த்து, "உனக்குக் கண்ணு தெரியலையா?" என்று கேட்டேன். விளக்கேற்றுவதை நிறுத்தினேன். என் வீட்டுக்காரர் அவரே ஏற்றினார்.

வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ். அதைவிடக் கொடுமை தாகம். சிறுநீர் இறங்காத உடம்பு என்பதால் தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதற்கும் இரண்டு டம்ளர், அதற்குள் காபி, குழம்பு எல்லாம் அடக்கம். சித்திரை வெயிலில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அழுகை வரும்.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார்கள். என் வீட்டுக்காரருடைய இரத்த வகை பொருந்தவில்லை. கூடப் பிறந்தவர்கள் எனக்கு யாரும் இல்லை. அம்மா தவறி மூன்று வருடம் ஆகியிருந்தது. மிச்சம் இருந்தது அப்பா. ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அங்கேயே ஒரு அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயது ஐம்பத்தெட்டு. கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே வந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"எதுக்கு முழிக்கிற பாப்பா? ரெண்டு வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்? ஒண்ணு நீ வச்சிக்கோ" என்றார்.

இரத்தம் பொருந்தியது. ஒவ்வொரு சோதனையாகத் தேறினார். ஐப்பசியில் தீபாவளி முடிந்த வாரம் கடைசிச் சோதனை. அவருடைய சிறுநீரகங்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்பது. வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். நர்ஸம்மா கன்னடம் கலந்து, "நேத்து ராத்திரி ஊட்டா ஆயிதா?" என்று கேட்டார். "ஆயிதம்மா, ஆயிது", சாப்பாடு ஆயிற்று என்றார் அப்பா. பெங்களூரில் யார் எப்போது சாப்பிட்டாயா என்று கேட்டாலும் எல்லோரும் சொல்லும் பதில் அது. யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் காலை முடிவு வாங்கப் போனோம். டாக்டரம்மா காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அப்பாவுடைய சிறுநீரகமே சரியாக இல்லை என்றார். முதல் சோதனையில் நன்றாக இருந்தது, இப்போது இரத்தத்தில் உப்பு ஏறியிருக்கிறது, அவரிடமிருந்து எடுக்க முடியாது, அவருக்கே வைத்தியம் பார்க்க வேண்டி வரலாம் என்றார்.

வெளியே பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். தூரத்தில் இருந்து பார்த்தேன். கன்னம் ஒட்டிப்போய், கண் உள்ளே போய்த் தெரிந்தது. அம்மாவும் இல்லை, இவருக்கும் இந்த நோய் என்றால் தாங்க மாட்டேன் என்று தோன்றியது. அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, எட்டு மாதத்துக்குப் பிறகு முருகனைக் கூப்பிட்டேன். "முருகா, உன்னைத் திட்டினது நான். என்னை எடுத்துக்கோ. எங்க அப்பாவுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. அவரை மட்டும் விட்டுடு." எனக்காக எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் எதிரே இருந்த காபிக் கடைக்குக் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் ஒன் பை டூ, ஒரு காபியை இரண்டாகப் பிரித்து வாங்குவோம். என் பாதியில் நான் இரண்டு வாய் குடிப்பேன், மீதியும் அவருக்குத்தான் போகும். காபியை வேண்டாம் என்று சொன்ன நாளே அவர் வாழ்க்கையில் கிடையாது. அன்றைக்கு வேண்டாம் என்றார். நெற்றி வியர்த்தது. துடைக்க சட்டைப் பையில் இருந்து கைக்குட்டையை உருவினார். கூடவே ஒரு காகிதப் பொட்டலம் மேசையில் விழுந்து பிரிந்தது.

உள்ளே மிளகு. எண்ணினேன், ஐந்து இருந்தது.

அம்மா கந்தசஷ்டிக்கு மிளகு விரதம் இருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, ஆறாம் நாள் ஆறு. மிளகை விழுங்க ஒரு வாய் தண்ணீர், வேறு ஒன்றும் கிடையாது. அன்றைக்குச் சஷ்டியில் ஐந்தாம் நாள். சோதனைக்கு வெறும் வயிற்றில் வா என்றால் என் அப்பா நான்கு நாள் வெறும் வயிற்றில் வந்திருக்கிறார்.

"ஏம்ப்பா சொல்லல?" என்று கத்தினேன். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"வேண்டுதலை வெளிய சொன்னா பலிக்காதும்மா" என்றார் மெதுவாக.

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நாலு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் யாருக்கும் இப்படித்தான் காட்டும், இன்றைக்கே சாப்பிட ஆரம்பிக்கட்டும், பத்து நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். ஒரு டம்ளர் தண்ணீரை அப்பா முன்னால் வைத்தார்.

அப்பா தொடவில்லை.

"நாளைக்கு ஒரு நாள்தான் பாப்பா. சூரசம்ஹாரம் முடிச்சிட்டுக் குடிக்கிறேன். பாதியில விட்டா தெய்வக் குத்தம். அது உன் தலையில விழுந்துட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவர் பயந்திருந்தார். நான் வக்கணையாகப் பேசித் திட்டியிருப்பேன், ஆனால் அந்தப் பயம் எனக்காக என்று தெரிந்ததும் கோபம் போய்விட்டது. தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"அப்பா, ஒரு டம்ளர் தண்ணிய நிம்மதியா குடிச்சி எனக்கு ஏழு மாசம் ஆச்சு. நான் கேட்டாலும் எனக்குக் குடுக்க மாட்டாங்க. உங்களுக்குக் குடுக்கிறாங்க, நீங்க வேணாங்கிறீங்க. குத்தம் ஏதாவது இருந்தா என் கணக்குல எழுதட்டும்ப்பா, நானே முருகன்கிட்ட பேசிக்கிறேன். குடிங்க."

அப்பா என் முகத்தையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. டம்ளரை இரண்டு கையாலும் எடுத்தார். "முருகா, பாப்பா சொல்றா, குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் குடித்தார். அப்புறம் இன்னொரு டம்ளர் கேட்டார்.

பத்து நாள் அவரை எங்கள் வீட்டில் வைத்து, என் வீட்டுக்காரர் மணிக்கு ஒரு தடவை தண்ணீர் கொடுத்தார். மறுபடி சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. 2000ஆம் வருடம் தைப்பூசத்துக்கு முந்தின வாரம் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது, சிறுநீர் இறங்குகிறது என்று நர்ஸம்மா சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தோம்.

தண்ணீர் குடிக்காததால் வந்த கோளாறு, குடித்ததும் தீர்ந்தது, இதில் முருகன் எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். நான் கூப்பிட்டுக் கால் மணி நேரத்தில் அந்தப் பொட்டலம் விழுந்தது. விழாமல் இருந்திருந்தால் அப்பாவைத் தகுதி இல்லை என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். எனக்கு வேறு ஆள் இல்லை. அவர் விரதத்தையும் ஏற்றுக்கொண்டு, அதை நிறுத்தவும் வைத்தது அவன்தான் என்று நான் நம்புகிறேன்.

அதன் பிறகு நான் விளக்கேற்றாத நாள் இல்லை. விரதம் மட்டும் டாக்டர் எனக்குக் கூடாது என்றுவிட்டார். உங்களுக்கு நான் சொல்வது இதுதான். கஷ்டத்தில் அவனைக் கூப்பிடுங்கள், கோபமாகவாவது கூப்பிடுங்கள். விரதம் இருந்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு இருங்கள். மனிதரிடம் சொன்னதற்காக அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அப்பா 2006இல் மாரடைப்பில் தவறிவிட்டார். கடைசிவரை அந்த ஒற்றைச் சிறுநீரகத்தில் ஒரு குறையும் வரவில்லை. சுடுகாட்டில் காரியம் முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு, பதினொரு வயது கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, தாத்தாவை முழுசா எரிச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி, அவள் கையை எடுத்து என் அடிவயிற்றின் தழும்பின் மேல் வைத்தேன். அவள் கையை எடுக்கவே இல்லை.