ஒன்றரை மணி பஸ்ஸும் ஒரு நீல வளையமும்

பேராசிரியர் கரும்பலகையில் எழுதியது பொய்யில்லை என்று மறுநாள் கண்ணாடிப் பாத்திரத்தில் காட்டுவதுதான் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. நின்றே நரம்பு சுருண்ட கால்களும் அமிலம் பட்டு ஓட்டை விழுந்த சேலைகளும் வைத்திருக்கும் என் இனத்தாருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஓசூரில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் இருந்தேன். அங்கே நான் ஆசையோடு செய்து காட்டியது ஒன்றே ஒன்றுதான். தட்டையான கண்ணாடித் தட்டில் சிவப்புக் கரைசலை மெல்லிய ஏடாக ஊற்றி அசைக்காமல் வைத்தால், எங்கோ ஒரு நீலப் புள்ளி தோன்றும். அது வளையமாகி விரியும். அதன் நடுவிலிருந்து இன்னொரு வளையம் கிளம்பும். திரவம் அசைவதே இல்லை. ஓரிடத்தில் கூடிய செறிவு பக்கத்து இடத்தை உசுப்பிவிட, செறிவு மட்டும் அலையாக நடந்துபோகும். அதை என் கணவர் ஒரு தடவையாவது என் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருக்கு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. "அடுத்த வாரம் வாரேம்ளா" என்பார், ஊர் மாறியும் மாறாத திருநெல்வேலித் தமிழில். இப்போது அவர் இல்லை. அதனால் கொஞ்சம் தைரியமாக எழுதுகிறேன்.

எதிர்த் தீ

குளத்தில் இரண்டு கல் எறிந்தால் அலைகள் ஒன்றையொன்று கடந்து போய்விடும். என் தட்டில் அப்படி இல்லை. இரண்டு நீல வளையங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டுமே அணைந்துவிடும். ஒவ்வொரு அலையும் தான் கடந்த இடத்தைக் களைப்பாக்கிவிட்டுத்தான் வருகிறது. களைத்த இடத்தில் இன்னொரு அலை நடக்க முடியாது. இதைச் சொன்னால் மாணவர்கள் என் கண் கோளாறு என்பதுபோல் பார்ப்பார்கள். நானோ, காலையில் வாசலில் இரவு ஷிஃப்ட் முடிந்து அவர் வரவும் நான் கிளம்பவும், இரண்டு களைத்த முகங்களாகச் சந்தித்துக்கொள்வதை நினைத்துக்கொள்வேன்.

ஒரு வருடம், ஜவளகிரியிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். வருகைப் பதிவுக்குக்கூட வாய் திறக்காதவள். அன்று தட்டின் மேல் குனிந்தவள் நிமிரவே இல்லை. பிறகு சொன்னாள்: "எங்கப்பா ஃபாரஸ்ட்ல வாட்சர், மேடம். காட்டுல தீ வந்தா எதிர்ல இன்னொரு தீ வைப்பாரு. ரெண்டும் மோதுனா திங்கறதுக்கு ஒண்ணுமில்லாம ரெண்டும் அவிஞ்சிடும். இதுல என்ன மேடம் அதிசயம்?"

நீலப் பொடி

செல்போன் வந்ததும் அவருக்கு ஒரு சாக்கு கிடைத்தது. "படம் பிடிச்சு அனுப்பேன்ளா, கேன்டீன்ல பாக்கேன்." வீடியோவில் பார்ப்பது பார்ப்பதாகாது என்று பிடிவாதமாக இருந்து, ஒரு பலவீனமான நாளில் அனுப்பியும் விட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது.

அந்த ஞாயிறு காய்கறிச் சந்தையில் தொழிற்சாலையில் அவருடைய லைனில் வேலை செய்கிறவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "அக்கா, அண்ணன் காட்டுனாரு! கோலம் சூப்பரா போட்டிருந்தீங்க. அந்த நீலப் பொடி எந்தக் கடை?"

காளான் வட்டம்

மழை விட்ட ஒரு வாரத்தில் கல்லூரி மைதானத்தில் காளான்கள் வட்டமாக முளைத்தன, யாரோ காம்பஸ் வைத்துப் போட்டதுபோல. தாவரவியல் ஸ்டெல்லா என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். மண்ணுக்குள் பூஞ்சை ஒரு புள்ளியில் தொடங்கி, அங்கிருக்கும் சத்தைத் தின்றுவிட்டு வெளிப்பக்கமாக நகர்கிறதாம். வருடா வருடம் வட்டம் பெரிதாகும். இதுவும் என் தட்டுதான்; என்ன, வருடக்கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லாவின் இரண்டு மகன்களும் பெங்களூரில் இருந்தார்கள். ஒரு மணி நேரப் பயணம்; கிறிஸ்துமஸுக்கு மட்டும் வருவார்கள். வட்டத்தின் வெறும் நடுவில் நின்றுகொண்டு அவர் சொன்னார்: "இருக்கிறதைத் தின்னு முடிச்சிட்டு வெளிய வெளிய போறது நம்ம பசங்கன்னு மட்டும் நினைச்சேன் டீச்சர். காளானும் அப்படித்தான்."

சுருள்

வளையத்தைக் கண்ணாடிக் கம்பியால் ஓரிடத்தில் கலைத்துவிட்டால், அறுந்த முனை உள்பக்கமாகச் சுருளும். பிறகு அது வெளியே போகாது. தன்னைத்தானே சுற்றிக்கொண்டே இருக்கும். மாணவர்கள் இதற்குக் கைதட்டுவார்கள்.

ஒரு மாலை லைனில் அவருக்குப் படபடப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் காகிதத்தில் கிறுக்கிக் காட்டினார்: இதயத்தில் துடிப்பு ஒரு முனையில் பிறந்து மறுமுனையில் அடங்க வேண்டும்; இவருக்கு அலை நடுவில் அறுந்து சுற்றுகிறது. அவர் போட்டது நான் வருடா வருடம் போட்ட அதே படம். மாத்திரை, ஓய்வு, ஓடக் கூடாது, மாடி ஏறக் கூடாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்தான் சிரித்தார்: "ஒன் தட்டு என் நெஞ்சுக்குள்ளயே ஓடுதாம்ளா. இனி காலேஜுக்கு எதுக்கு வரணும்?"

முனியம்மா கழுவிய தட்டு

ஆனாலும் வந்தார். நான் ஓய்வு பெற்ற நாளன்று, இரண்டாம் ஷிஃப்டுக்குப் போகும் வழியில், சீருடையோடு. கோயிலுக்கு வந்ததுபோல் ஷூவை வாசலில் கழற்றப் போனவரைத் தடுத்து, ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஒன்றரைக்குக் கல்லூரி கேட்டில் கம்பெனி பஸ். லீவெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்திருந்தது.

கரைசலை ஊற்றினேன். சிவப்பு, சிவப்பாகவே இருந்தது. கால் மணி, அரை மணி. "புது ஆளைப் பாத்து வெக்கப்படுது போல" என்றார். அப்போதுதான் எங்கள் அட்டெண்டர் முனியம்மா பெருமையோடு சொன்னாள்: "சார் வர்றாருன்னு நான்தான் மேடம் போர் தண்ணியில இன்னொருவாட்டி பளபளன்னு கழுவி வச்சேன்!" இந்தக் கலவைக்கு உப்பு ஆகாது, கடைசிக் கழுவல் காய்ச்சி வடித்த நீரில்தான் இருக்க வேண்டும். எங்கள் போர் தண்ணீரோ பாதி உப்பு. தட்டில் ஒட்டியிருந்த துளிகள் போதும், அலை பிறக்கவிடாமல் பிடித்துவைக்க. மறுபடி கலக்கச் சாயம் இல்லை. மரியாதைக்காகக் கழுவியவளை என்னவென்று திட்டுவது? ஒன்றரைக்கு அவர் எழுந்து, என் தோளைத் தொட்டுவிட்டு மெதுவாக நடந்து போனார்.

உப்பு செலவாகித் தீர்ந்திருக்க வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் தட்டின் நடுவில் ஒரு நீலப் புள்ளி. "நோடி மேடம், நோடி! பாருங்க!" என்று கன்னடமும் தமிழுமாகக் கத்தினாள் முனியம்மா. "போன் போடுங்க! பஸ் மூக்கண்டப்பள்ளி தாண்டியிருக்காது!" போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் பஸ்ஸை நிறுத்தி இறங்குவார். இறங்கினால் ஓடி வருவார். போனைக் கீழே வைத்துவிட்டு, வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விளிம்பில் போய் மறைவதை நானே பார்த்து முடித்தேன்.

மறுநாள் காலை காபி கொடுக்கும்போது கேட்டார், தான் போன பிறகு வளையம் வந்ததா என்று. வரவே இல்லை என்றேன். ஒரு வாய் குடித்துவிட்டு, நிம்மதியாகச் சொன்னார்: "அப்பம் சரி. நான் ஒண்ணையும் தவறவிடல."

முப்பது வருடம் பேராசிரியர்களின் உண்மைகளை நிரூபித்துக் காட்டியவள் என் சொந்தக் கணக்கில் சொன்னது ஒரே ஒரு பொய்தான், அதை மட்டும் யாரும் செய்து காட்டச் சொல்லவில்லை.