மந்தாரக்குப்பத்தில் ஒரு டோசர் பரீட்சை

"அவருக்குப் பயமில்லை." ஆங்கிலத்தில் இதைச் சொல்ல நான்கு சொற்கள் போதும். அன்று நான் சொல்லவில்லை.

மாசி மாதத்துச் சனிக்கிழமை அது. பணக்கார நாடுகளின் வருமானத்தை ஒப்பிடும் புத்தகம் ஒன்றை அப்போது படித்துக்கொண்டிருந்தேன். சில நாடுகளில் மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் இடைவெளி குறைவு. தொழிலாளியின் பிள்ளை முன்னேறுவதும் அங்கே எளிது. வேறு சிலவற்றில் இடைவெளி பெரிது, ஏறுவது அரிது, எவனும் ஏறலாம் என்ற பேச்சு மட்டும் தாராளம். இதை எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். போடவில்லை. நெய்வேலியில் வெளிநாட்டார் இருக்கிறார்களே, நேரில் கேட்போம் என்று கிளம்பினேன்.

கடலூரில் காலை 6.10க்குப் பஸ். குள்ளஞ்சாவடி, வடலூர் வழியாக ஏறத்தாழ இருபத்தைந்து மைல். கட்டணம் ஒரு ரூபாய் ஐந்து நயா பைசா. இடப்பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் கண்ணைக் குத்தும்.

"சுரங்கம் பாக்கவா? டவுன்ஷிப்ல எறங்குங்க" என்றார் கண்டக்டர்.

"இல்லை, மந்தாரக்குப்பம். அக்காள் வீடு."

"அங்க இன்னாங்க இருக்குது? வாடகை வூடுதான் இருக்குது. அதுவும் காலி இல்ல."

7.50க்கு டவுன்ஷிப்பிலேயே இறங்கினேன். முதலில் டவுன்ஷிப்புக்குள் அரை மணி நடந்தேன். நேரான சாலைகள், ஒரே அளவில் நட்ட கன்றுகள். வீட்டு ஜன்னல்களை எண்ணினால் உள்ளே இருப்பவரின் சம்பளம் தெரிந்துவிடும். இவ்வளவு ஒழுங்கு எனக்கு ஆகாது. மந்தாரக்குப்பத்துக்குப் போய்விட்டேன்.

அக்காள் கணவரை மாமா என்பேன். அவர் மண் வெட்டும் காண்டிராக்டர் ஒருவரிடம் குமாஸ்தா. காண்டிராக்டர் புதிதாக வாங்கிய, மண் தள்ளும் டோசருடன் ஒரு ஜெர்மானியர் வந்திருந்தார். அன்று பத்து மணிக்கு அவர் ஒரு ஆபரேட்டரைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தது. இருவர் போட்டி: பக்கத்து வீட்டுக் கலியன், மாமாவின் ஊரிலிருந்து வந்த ராஜு.

கலியன் பழைய டோசரில் இரண்டு வருஷமாக ஹெல்பர். நாள் கூலி இரண்டு ரூபாய். அவர் மனைவி அஞ்சலை குழாயடியில் என்னிடம் சொன்னாள்: "பர்மனெண்ட் ஆச்சின்னா மாசம் நூத்தம்பதுங்க. இல்லாங்காட்டி பொண்ண இஸ்கூல உட்டு நிறுத்தித்தான் ஆவணும். கல்லு ஒடைக்கத்தான் அனுப்பணும்."

"நிச்சயம் கிடைக்கும்" என்றாள் அக்காள். எனக்கு நிச்சயமில்லை.

பத்துக்கு முன்பே களத்துக்குப் போனோம். ஜெர்மானியர் நல்ல மாதிரியாகப் பேசினார். அவர் நாட்டில் மேஸ்திரிக்கும் மேலாளருக்கும் சம்பள வித்தியாசம் அதிகமில்லையாம், அமெரிக்காவில் அதிகமாம். "என் அப்பா கரி வெட்டினார். நான் எந்திரம் சொல்லிக்கொடுக்கிறேன்" என்றார்.

"உங்கள் மேலாளரின் அப்பா?"

சிரித்தார். "அவரும் மேலாளர்தான்."

கலியனைக் கூப்பிட்டார்கள். ஏறினார், நின்றபடியே எஞ்சினைக் கிளப்பினார், லீவர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஒன்றும் தப்பில்லை. ஜெர்மானியர் இருக்கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கலியன் உட்காரவில்லை. அந்தக் களத்தில் ஹெல்பர் இருக்கையில் உட்காரக் கூடாது. தினமும் காலையில் எஞ்சினைச் சூடாக்குவதும் நின்றுகொண்டுதான்.

"குந்துடா!" என்று கீழிருந்து காண்டிராக்டர் கத்தினார்.

"மொதலாளி நின்னுகினு இருக்கீங்க. நா எப்டிங்க குந்துறது?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். "மாப்ள, பாய் போடட்டுமா?" என்றான் ஒருவன்.

என்ன சொல்கிறார் என்று ஜெர்மானியர் மாமாவைக் கேட்டார். மாமா ஆங்கிலத்தில் சொன்னார்: "புது எந்திரத்தைக் கண்டு பயப்படுகிறான்."

நான் மூன்றடி தள்ளி நின்றிருந்தேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. அவர் வேண்டுமென்றே மாற்றிச் சொன்னார் என்பதற்கு, ராஜு அவர் ஊர்க்காரன் என்பதைத் தவிர என்னிடம் எந்தச் சான்றும் இல்லை, சந்தேகம்தான். அவர் வீட்டில் சாப்பிட்டிருந்தேன். அன்றிரவு அங்கேதான் படுக்க வேண்டும். ஜெர்மானியர் தாளில் ஒரு வரி எழுதினார். அடுத்து ராஜு ஏறியதுமே உட்கார்ந்தான். எஞ்சினைக் கிளப்ப மூன்று தடவை ஆயிற்று.

புத்தகத்தில் ஏணியின் உயரத்தை எழுதியிருந்தார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்றும் எழுதியிருந்தார்கள். பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருப்பவர்களை எந்த நாட்டிலும் யாரும் கணக்கெடுத்ததாகத் தெரியவில்லை.

போகிறவர்களுக்கு: சுரங்கம் பார்க்க அனுமதிச் சீட்டு முன்கூட்டியே வாங்குங்கள். தண்ணீர் கொண்டுபோங்கள். வெள்ளைச் சேலை வேண்டாம், கரித்தூள் போகாது. மாலை 5.30 பஸ்ஸை விட்டால் கடலூருக்கு நெடுநேரம் காத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை ராஜுவை எடுத்துக்கொண்டார்கள். கலியன் ஒரு மாதம் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று அவனுக்கு லீவர்களைச் சொல்லிக்கொடுத்தார். பங்குனியில் அஞ்சலை பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டாள்.